சாட்ஸ்வொர்த் வீடொன்றின் சர்வரும் நெட்வொர்க்கும்: 2026-க்கான மேம்பாட்டுத் திட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

வீடும் விருப்பப் பட்டியலும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில், 1960-களில் நகராட்சி கட்டிக் கொடுத்த இணைவீடுகளில் ஒன்று இந்த ஆய்வின் களம். கான்கிரீட் கல் சுவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஃபைபர் இணைப்பு வந்து நுழையும் முன்னறை, பின்முற்றத்துக்கு அப்பால் தனியாக நிற்கும் அவுட்பில்டிங் என்று அந்தக் காலத்து அமைப்பு பெரிதும் மாறாமல் இருக்கிறது. பாட்டி, அவருடைய மகன், மருமகள், கணக்கர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் பேத்தி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரன் என ஐந்து பேர் வசிக்கிறார்கள். பேத்தியின் அலுவலகம் அவுட்பில்டிங்கில் நடக்கிறது.

அவர்கள் சர்வர் என்று அழைப்பது, நான்காம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட, பத்தாண்டு கடந்த ஒரு மேசைக் கணினியை. அதில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. 4 டெராபைட் ஹார்டு டிஸ்க்குகள் இரண்டு, ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்படி இணைக்கப்பட்டுள்ளன. குடும்பப் படங்களுக்கு இமிச், பாட்டுக்கும் படத்துக்கும் ஜெல்லிஃபின், அலுவலகக் கோப்புகளுக்குப் பகிர்வுக் கோப்புறை, நான்கு கண்காணிப்புக் கேமராக்களின் பதிவு ஆகிய எல்லாம் இந்த ஒரே பெட்டியில் நடக்கின்றன. மறைந்த தாத்தா தெருக்கூத்து வாத்தியாராகவும் பஜனைக் குழுவில் பாடுபவராகவும் இருந்தவர். அவர் விட்டுச்சென்ற கேசட்டுகளைப் பேரன் பொறுமையாக டிஜிட்டலாக்கி, சுமார் 300 மணி நேரப் பதிவாகச் சேர்த்து வைத்திருக்கிறார். கேசட்டுகளில் பாதிக்கு மேல் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொண்டு, இனி ஓடாத நிலைக்கு வந்துவிட்டன.

2026-க்காகப் பேரன் தயாரித்த பட்டியலில் புதிய கணினி, 12 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு, 2.5 கிகாபிட் ஸ்விட்ச், வைஃபை 7 மெஷ் (கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசி வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்) ஆகியவை இருந்தன. குடும்பம் ஆண்டு முழுவதற்கும் ஒதுக்கிய தொகை 30,000 ராண்ட். பட்டியல் அந்தத் தொகையை எளிதில் தாண்டிவிடும் என்பதால், வாங்குவதற்கு முன் யாராவது ஒருமுறை பார்க்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். டர்பன் பகுதியில் சிறிய அலுவலகங்களுக்கும் கோயில்களுக்கும் நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில். வீட்டுக்காரர்கள் கொடுக்கும் பட்டியல்களில் வேகம் கூட்டும் பொருள்களே முதலில் நிற்கும் என்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. பாட்டி மட்டும் வேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விடியற்காலையில் அவருடைய டேப்லெட்டில் பாட்டு வர வேண்டும், அவ்வளவுதான். "கரண்ட் போனாலும் வரணும், தம்பி" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான தேவைக் குறிப்பு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அளந்து பார்த்தபோது தெரிந்தவை

முதலில் பொருள் எதையும் மாற்றாமல், இருப்பதை அளந்தோம். ப்ளக்கில் செருகி வாட் காட்டும் சிறிய மீட்டரை வைத்துப் பார்த்ததில் சர்வர் சராசரியாக 58 வாட் இழுத்தது. ஃபைபர் பெட்டி, ரூட்டர், ஸ்விட்ச், கேமராக்கள் எல்லாம் சேர்ந்து 36 வாட். ஆக மொத்தம் 94 வாட், ஆண்டுக்கு 823 யூனிட். யூனிட்டுக்கு 3 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 2,470 ராண்ட் மின்சாரத்துக்கே போகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் பழைய கணினியை உடனே தூக்கிப்போட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மினி கணினி ஒன்றை வாங்கலாம் என்று பேரன் சொன்னது இயல்பே. ஆனால் கணக்கை இன்னும் ஓர் அடி கொண்டுபோனால் முடிவு மாறுகிறது. இன்டெல் என்100 வகைச் செயலி கொண்ட மினி கணினி சும்மா இருக்கும்போது 10 வாட்டுக்குள் நிற்கும் என்றாலும், இரண்டு பெரிய டிஸ்க்குகளும் சேர்ந்தால் 24 வாட் ஆகிவிடும். எனவே மிச்சமாவது 34 வாட், ஆண்டுக்கு 298 யூனிட், சுமார் 900 ராண்ட். கணினிக்கும் டிஸ்க்குகளை வைக்கும் வெளிப்பெட்டிக்கும் ஆகும் செலவை இந்த மிச்சம் ஈடுகட்ட ஐந்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும். அதோடு, டிஸ்க்குகளை நேரடியாக மதர்போர்டில் இணைத்திருக்கும் இப்போதைய நிலையை விட்டு, யுஎஸ்பி வழியாக இணைக்க வேண்டிய நிலைக்கு இறங்குகிறோம். நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கும் டிஸ்க்குகளுக்கு அது நல்ல மாற்றம் இல்லை. 2025 கடைசியில் உலகெங்கும் மெமரி விலை ஏறியிருப்பதால், புதிய கணினி வாங்க இது உகந்த வேளையும் இல்லை. ஆகவே பழைய கணினி தொடரும். அதன் பவர் சப்ளையும் மின்விசிறிகளும் மட்டும் மாறும், ஏனென்றால் முதலில் கைவிடக்கூடியவை அவையே.

அடுத்து டிஸ்க் இடம். 4 டெராபைட்டில் 92 சதவீதம் நிரம்பியிருந்தது. 12 டெராபைட் ஆசை அங்கிருந்துதான் வந்தது. எதனால் நிரம்பியது என்று பிரித்துப் பார்த்தபோது, நான்கு கேமராக்களும் தலைக்கு விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் இரவும் பகலும் எழுதுவது தெரிந்தது. நான்கும் சேர்ந்து விநாடிக்கு 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட். ஒரு நாளைக்கு 172.8 கிகாபைட், பதினான்கு நாள் வைத்திருந்தால் 2.4 டெராபைட். தாத்தாவின் 300 மணி நேரப் பதிவு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ தரத்தில், சுருக்காத கோப்புகளாக இருந்தும் சுமார் 620 கிகாபைட்தான். குடும்பப் படங்கள் சுமார் 600, அலுவலகக் கோப்புகள் 40. ஈடு செய்ய முடியாதவை மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஒதுங்கிக் கிடக்க, வெற்று வாசலையும் பக்கத்து வீட்டுப் பூனையையும் காட்டும் காட்சிகள் மீதி இடத்தை, அதுவும் இரட்டை நகலாக, பிடித்துக்கொண்டிருந்தன.

கேமராப் பதிவைத் தனியாக, நகல் இல்லாத ஒற்றை டிஸ்க்குக்கு மாற்றினால் போதும். அந்த டிஸ்க் பழுதானால் இழப்பது அதிகபட்சம் இரண்டு வாரக் காட்சி. அதை ஏழு நாளாகக் குறைக்கலாமா என்று கேட்டேன். திருட்டு நடந்தால் காவல் துறைக்குக் கொடுக்க இரண்டு வாரம் வேண்டும் என்று மகன் உறுதியாகச் சொன்னதால் விட்டுவிட்டேன். கேமரா வெளியேறியதும் முதன்மை டிஸ்க்குகளின் நிரப்பு 32 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒலிப்பதிவுகளை ஃபிளாக் வடிவுக்கு மாற்றினால் ஒலித்தரம் துளியும் கெடாமல் அந்த 620 ஏறக்குறைய பாதியாகும். புதிய பெரிய டிஸ்க்குகளின் தேவை இப்படியே மறைந்தது. கேமராவுக்கு வாங்கும் டிஸ்க்கிலும் ஒரு கவனம் வேண்டும். தடங்களை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதும் வகை மலிவாகக் கிடைத்தாலும், தொடர்ந்து எழுதும் வேலையில் திணறும். கண்காணிப்புப் பதிவுக்கென்றே விற்கப்படும் வழக்கமான எழுதுமுறை டிஸ்க் சிறிது விலை கூடினாலும் அதுவே பொருந்தும்.

மின்சாரம்

2023 தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங், அதாவது பற்றாக்குறையால் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, மிகக் கடுமையாக இருந்த ஆண்டு. 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதம் அது இல்லாமல் இருந்தது. 2025 ஜனவரி இறுதியிலிருந்து மே வரை அவ்வப்போது திரும்பி வந்தது. இப்போது மீண்டும் அமைதியாக இருப்பதால், மின்காப்பு இனித் தேவையில்லை என்பது குடும்பத்தின் எண்ணமாக இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. லோட் ஷெடிங்குக்காவது அட்டவணை உண்டு. இரண்டு மணி நேரத்தில் திரும்பும். பூமிக்கடியில் போகும் கேபிளைத் திருடிவிட்டார்கள், புயல்மழையில் துணைமின் நிலையத்தில் தண்ணீர் புகுந்தது என்று வரும் வெட்டுக்கு அட்டவணையும் கிடையாது, முடிவு நேரமும் கிடையாது. இந்த வீட்டில் சமீபத்திய வெட்டுகள் எல்லாம் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இருந்த யுபிஎஸ்ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்றே ஒன்று. தாளில் அது 84 வாட்-மணி. புதிதாக இருக்கும்போதே இந்தச் சுமையில் அரை மணி நேரம் தாங்கியிருக்கும். 2023-இல் நாளுக்கு மூன்று நான்கு முறை ஆழமாக வடிந்து, முழுதாக நிரம்புவதற்குள் அடுத்த வெட்டைச் சந்தித்துச் சந்தித்து, அது எப்போதோ உயிரை விட்டிருந்தது. சோதனைக்காகச் சுவர் ஸ்விட்சை அணைத்தபோது ஆறு நிமிடத்தில் எல்லாம் இருண்டது. சர்வரும் முறைப்படி மூடாமல் அப்படியே நின்றது. யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிள், உறைகூடப் பிரிக்கப்படாமல், அது வந்த அட்டைப்பெட்டியிலேயே இருந்தது.

திட்டத்தில் இதற்குப் பதிலாக வருவது, 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும், தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டரும். பேட்டரியின் 1,280 வாட்-மணியில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்து, இன்வெர்ட்டரின் இழப்பையும் கழித்தால் சுமார் 980 மிஞ்சும். 94 வாட் சுமைக்கு அது பத்து மணி நேரம் வரும். இரண்டு மணி வெட்டில் செலவானதை 20 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் திரும்ப நிரப்பிவிடும் என்பது எனக்கு அந்தப் பத்து மணியைவிட முக்கியமாகப்படுகிறது. பழைய பேட்டரியைக் கொன்றது வெட்டின் நீளத்தைவிட, வெட்டுகளுக்கு இடையே நிரம்ப நேரம் கிடைக்காததுதான். இன்வெர்ட்டர் வாங்கும்போது யுபிஎஸ் முறை என்ற தெரிவு இருக்கிறதா, மாறும் நேரம் 20 மில்லிவிநாடிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். விளக்குக்கும் டிவிக்கும் என்று விற்கப்படும் சில வகைகள் மெதுவாக மாறுவதால் கணினி அந்த இடைவெளியில் அணைந்து எழும்.

இதை வீட்டு டிபி போர்டோடு (மின்பகிர்வுப் பலகையோடு) இணைத்து, முன்னறை விளக்குகளுக்கும் தரலாம் என்று மகன் விரும்பினார். நிலையான மின்னிணைப்பில் கைவைத்தால், இந்த நாட்டின் மின்னிணைப்புத் தரநிலையான எஸ்ஏஎன்எஸ் 10142-1 விதிப்படி பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, இணக்கச் சான்றிதழ் தர வேண்டும். தீ விபத்துக் காப்பீடு கோரும் நாளில் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்கான செலவு இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் அடங்காது. ஆகவே சுவர் ப்ளக்கில் செருகி, தன் சொந்த சாக்கெட்டுகளில் மின்சாரம் தரும் தனிப்பெட்டியாகவே அது இருக்கும். விளக்குகள் அடுத்த ஆண்டுப் பேச்சு.

இன்வெர்ட்டரைச் சர்வரோடு கேபிளால் இணைத்து, யுபிஎஸ் மென்பொருளை நிறுவி, பேட்டரி 20 சதவீதத்துக்கு வரும்போது சர்வர் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்படி செய்வது செலவில்லாத வேலை. மூடும் வரிசையும் எழுதப்பட்டது: முதலில் கேமராப் பதிவு, பிறகு இமிச், கடைசியில் ஜெல்லிஃபின். பாட்டியின் நிபந்தனை அங்கே நிறைவேறுகிறது. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் அதே பேட்டரியில் இருப்பதால் இணையமும் அறுபடாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் மின்சாரம் வேண்டாத பிரிப்பான்களே இருப்பதால், எக்ஸ்சேஞ்சில் மின்சாரம் இருக்கும்வரை ஃபைபர் ஓடும். நீண்ட வெட்டில் செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்து சிக்னல் விழுவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனவே சிம் கார்டு ரூட்டரை மாற்றுவழியாக வைக்கும் யோசனை பட்டியலின் அடிக்குப் போனது.

முற்றத்தைக் கடக்கும் கம்பி

வீட்டிலிருந்து அவுட்பில்டிங்குக்குப் போன நெட்வொர்க் கேபிள், பின்முற்றத்தின் துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. துணி உலர்த்தும் கிளிப்புகள் அதன்மேலும் தொங்கின. வீட்டுக்குள் போடுவதற்கான சாம்பல் நிறக் கேபிள் என்பதால் வெயிலில் உறை வெடித்து, உள்ளே இருக்கும் நிறக் கம்பிகள் ஓரிடத்தில் வெளியே தெரிந்தன. அந்த இடத்தில் நகத்தால் சுரண்டியபோது செம்புப் பூச்சு போய் வெள்ளி நிறம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம். முழுச் செம்பைவிட மின்தடை அதிகம், எளிதில் முறியும், கேமராவுக்கு மின்சாரத்தையும் அதே கம்பியில் அனுப்பினால் சூடேறும். மலிவு என்று ஒரு நிறுவல்காரர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கடந்த கோடையின் இடிமழையில் ஸ்விட்சின் இரண்டு போர்ட்டுகளும் அலுவலகக் கணினியின் நெட்வொர்க் போர்ட்டும் எரிந்துபோயிருந்தன. குடும்பம் அதைப் பொருள்களின் தரக்குறைவு என்று நினைத்திருந்தது. இரண்டு கட்டடங்களை உலோகக் கம்பியால் இணைத்தால், அருகில் எங்கோ விழும் மின்னல்கூட அந்தக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும். இரண்டு கட்டடங்களின் எர்த் மட்டமும் வேறுபடும்போது, அந்த வேறுபாடு தீர்த்துக்கொள்ளும் வழியாக ஸ்விட்சின் போர்ட் ஆகிவிடுகிறது. ப்ளக்கில் போடும் சர்ஜ் காப்பான் மின்கம்பி வழியாக வருவதை ஓரளவு தடுக்கும். நெட்வொர்க் கம்பி வழியாக வருவதை அது பார்ப்பதே இல்லை.

எனவே இந்த ஒரு தடத்தில் செம்பே வேண்டாம் என்று முடிவு செய்தோம். உலோகக் கவசம் இல்லாத, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ஃபைபர் கேபிள் ஒன்றைக் குழாய்க்குள் இட்டு முற்றத்துக்கு அடியில் கொண்டுபோய், இரு முனையிலும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் மாற்றிப்பெட்டி வைத்தால் போதும். கண்ணாடி நூலில் மின்னோட்டம் பாயாது. கிகாபிட் வேகத்துக்கான மாற்றிப்பெட்டிகள் விலை குறைந்தவை. பின்னாளில் 10 கிகாபிட் வேண்டுமென்றால் பெட்டிகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தோண்ட வேண்டாம். இந்த ஆய்வில் செலவிடும் ஒவ்வொரு ராண்டுக்கும் அதிகப் பயன் தருவது எது என்று கேட்டால் இந்தக் கேபிளைத்தான் காட்டுவேன்.

வீட்டுக்குள் வைஃபை பின்னறைக்குப் போகவில்லை என்பது உண்மையான குறை. ஆனால் அதற்கு மெஷ் மருந்தாகாது. கான்கிரீட் கல் சுவர்கள் இரண்டைத் தாண்டும் மெஷ் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவே திணறும், அதில் பாதி வேகம் போய்விடும். முன்னறை ரூட்டரிலிருந்து நடுக்கூடத்துக்கு ஒரு கேட்6 கேபிள் இழுத்து, அங்கே கூரையோரமாக ஒரு வைஃபை 6 அணுகுபெட்டி வைத்தால் போதும். மற்ற வீடுகளில் கேபிளைக் கூரைக்கு மேலே விட்டு நினைத்த இடத்தில் இறக்குவோம். இங்கே அதைச் செய்யக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் இந்த நாட்டில் 2008-இலேயே தடை செய்யப்பட்டது என்றாலும் பழைய வீடுகளில் அப்படியே இருக்கிறது. தொடாமல் விட்டால் பெரிய ஆபத்தில்லை. துளை போட்டால் நார்த்தூசி கிளம்பும். ஆகவே கேபிள் சுவரின் கீழ்ப்பட்டையோரமாக, பிளாஸ்டிக் உறைக்குள் போகும். அழகு கொஞ்சம் குறையும் என்று மருமகள் சொன்னார். உண்மைதான்.

2.5 கிகாபிட் ஸ்விட்ச் பற்றி நீண்ட பேச்சு தேவைப்படவில்லை. ஃபைபர் சந்தா பதிவிறக்கத்துக்கு 50 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 25. சர்வரின் டிஸ்க்குகள் விநாடிக்கு 150 மெகாபைட்டை ஒட்டி நிற்கும், கிகாபிட் கம்பி 110-க்கு மேல் தரும். இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பணத்தில் பிணையத்தைப் பிரிக்கக்கூடிய, கேமராவுக்கு மின்சாரமும் தரும் எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கப்படும். பேத்தியின் கணினியில் வாடிக்கையாளர்களின் வரி ஆவணங்கள் இருக்கின்றன. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கணினியும், யார் எழுதிய மென்பொருள் ஓடுகிறது என்றே தெரியாத மலிவு விலைக் கேமராக்களும், டிசம்பரில் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வரும் உறவினரின் செல்போன்களும் ஒரே பிணையத்தில் இருப்பது சரியில்லை. அலுவலகம், வீடு, கேமரா, விருந்தினர் என நான்காகப் பிரித்து, கேமராக்களுக்கு இணையம் முற்றிலும் மறுக்கப்படும். வெளியூரிலிருந்து கேமரா பார்ப்பதற்காக ரூட்டரில் திறந்து விடப்பட்டிருந்த போர்ட் அன்றே மூடப்பட்டது. இனி வயர்கார்ட் என்ற பூட்டிய தனிவழி (விபிஎன்) வழியாக மட்டுமே உள்ளே வரலாம்.

திரும்ப எடுத்துப் பார்த்தல்

பேக்கப் இருக்கிறது என்று பேரன் சொன்னார். இருந்தது. வாரம் ஒருமுறை யுஎஸ்பி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, மூன்று தெரு தள்ளி இருக்கும் மாமா வீட்டில் வைத்துவந்தார்கள். பெரும்பாலான வீடுகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அதிலிருந்து எதையும் யாரும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

வேறொரு கணினியில், அந்த டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மீண்டும் எழுப்ப முயன்றோம். ஒலிப்பதிவுகள் முழுதாக வந்தன. அலுவலகக் கோப்புகளும் வந்தன. படங்கள் வந்தன, ஆனால் வெறும் கோப்புகளாக. இமிச் தன் ஆல்பங்களையும், யார் முகம் எது என்ற குறிப்புகளையும், எழுதிவைத்த விளக்கங்களையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைக்கிறது. நகலெடுத்ததோ படக் கோப்புறையை மட்டும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களில் இருப்பவர் யார், எந்தக் கல்யாணம், எந்தக் கோயில் என்று சொல்லச் சொல்லப் பேரன் பதிந்த குறிப்புகள் அவை. படம் பிழைத்து, படத்தில் இருப்பவர் யார் என்பது அழிந்திருக்கும். தரவுத்தளத்தை இரவுதோறும் தனிக் கோப்பாக எடுத்து, பேக்கப்பில் சேர்க்கும் வேலை அன்று மாலையே முடிந்தது. இந்தத் திட்டத்தில் ஒரு ராண்ட்கூடச் செலவாகாமல் கிடைத்த பெரும்பலன் இது.

மாமா வீடு அருகில் இருப்பது வசதி. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனும் சுற்றுப்பகுதியும் பட்ட பாட்டை நினைத்தால் மூன்று தெரு என்பது தூரமே இல்லை. குவாசுலு-நாட்டாலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த மழையில், சரிவுகளில் இருந்த வீடுகள் வரிசையாகச் சேர்ந்தே சரிந்தன. 80 கிலோமீட்டர் தள்ளி, உள்நாட்டில் மேட்டில் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சித்தப்பா வீடு இருக்கிறது. அங்கே பழைய சிறுகணினி ஒன்றும் 4 டெராபைட் டிஸ்க் ஒன்றும் வைத்து, ரெஸ்டிக் மென்பொருளால் பூட்டிய நகலை இரவில் அனுப்புவது என்று முடிவாயிற்று. கேமராப் பதிவு போகாது; மற்றவை மட்டும். 1 டெராபைட்டை 25 மெகாபிட் பதிவேற்றத்தில் அனுப்ப இடைவிடாமல் ஓடினாலும் மூன்றே முக்கால் நாள் ஆகும். ஆகவே முதல் நகலை இங்கேயே எடுத்து, டிஸ்க்கைக் காரில் கொண்டுபோய்விடலாம். அதற்குப் பிறகு அன்றாட மாற்றம் மட்டும்தான் போகும். பூட்டைத் திறக்கும் கடவுச்சொல் தாளில் அச்சிட்டு இரண்டு பேரிடம் இருக்கும், அதில் ஒருவர் இந்த வீட்டில் வசிக்காதவர்.

கிளவுட் சேவையைப் பயன்படுத்தலாமே என்ற கேள்வி நியாயமானதுதான். மைக்ரோசாஃப்ட் அஷூர் 2019-இலும், அமேசான் 2020-இலும், கூகுள் 2024-இலும் இந்த நாட்டுக்குள்ளேயே தரவு மையப் பகுதிகளைத் திறந்துவிட்டன. அதனால் 2024 மே மாதம் சீகாம், ஈஸி ஆகிய கடலடிக் கேபிள்கள் அறுந்தது போன்ற நிகழ்வுகளை இப்போது பெரிய தடையாகக் காட்ட முடியாது. எனக்கிருக்கும் தயக்கம் டாலரில் வரும் மாதக் கட்டணத்தைப் பற்றியது. ராண்ட் சரியும் மாதத்தில் குடும்பம் முதலில் நிறுத்தும் கட்டணம் எதுவாக இருக்கும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நாட்காட்டி

வேலைகளின் வரிசையைப் பணத்தைவிடப் பருவம்தான் தீர்மானித்தது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம்வரை கட்டட வேலையாட்களும் எலக்ட்ரீஷியன்களும் விடுமுறையில் இருப்பார்கள். கோடை இடிமழை மார்ச் வரை நீளும். ஆகவே முற்றத்தைத் தோண்டும் வேலை அவசரமானது என்றாலும் ஏப்ரலுக்குத்தான் வைக்க முடியும். அதுவரை துணிக்கொடிக் கேபிளை அவிழ்த்துவிட்டு, அலுவலகத்துக்கு ஜன்னல் வழியாகத் தெரியும் தொலைவில் ஒரு வைஃபை இணைப்பைத் தற்காலிகமாக வைப்பதென ஏற்பாடு. வேகம் குறைவு; ஆனால் மின்னல் அதன் வழியாக ஸ்விட்சுக்கு வராது. தைப்பூசக் காவடியின்போதும், ஈஸ்டரை ஒட்டி இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும் நாள்களிலும் வீட்டுக்குள் படங்களும் காணொளிகளும் குவியும். அந்த வாரங்களில் சர்வரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியாயிற்று.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் மே மாதத்துக்குள் வர வேண்டும், இங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தில் மின்தேவை ஏறும் முன். ஒதுக்கீட்டில் ஏறத்தாழ பாதி இதற்குப் போகிறது. கேமரா டிஸ்க், சித்தப்பா வீட்டு டிஸ்க், பவர் சப்ளை ஆகியவை பிப்ரவரியில். ஸ்விட்சும் அணுகுபெட்டியும் ஜூனில்.

டெபியன் 11-க்கான நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஆகஸ்ட் கடைசியில் நின்றுவிடும். அதற்கு முன், ஜூலையில், 12-க்கும் அங்கிருந்து 13-க்கும் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரே தாவலில் இரண்டு பதிப்பைக் கடக்க அது அனுமதிப்பதில்லை. பேரன் புதிதாகவே நிறுவிவிடலாம் என்கிறார். பேக்கப்பிலிருந்து எழுப்பும் முறை ஒருமுறை ஓடிப் பார்க்கப்பட்டுவிட்டதால் அதற்கு நான் தடை சொல்லவில்லை. பேத்தியின் மடிக்கணினி இன்னும் விண்டோஸ் 10-இல் இருக்கிறது. அதன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், வாடிக்கையாளர் ஆவணங்களைக் கருதி அது ஜனவரியிலேயே மாற்றப்படும். அந்தச் செலவு அலுவலகக் கணக்கில் போகிறது.

ஃபைபர் சந்தாவின் வேகத்தைக் கூட்டுவதை மட்டும் முடிவு செய்யாமல் விட்டிருக்கிறோம். இந்த நாட்டில் ஃபைபர் கம்பி ஒரு நிறுவனத்துடையது, அதன்மேல் இணையம் விற்பது இன்னொன்று. கம்பியைத் தொடாமலே விற்பவரை மாற்றிக்கொள்ளலாம் என்பது வசதிதான். ஆனால் மாறும்போது வீட்டுக்கெனத் தனி இணைய (ஐபி) முகவரி கிடைக்குமா, பலரோடு பகிரும் முகவரிக்குத் தள்ளிவிடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்காவிட்டால், வயர்கார்ட் வழி அன்றே அடைபடும். நகராட்சியின் புதிய மின்கட்டணம் ஜூலை 1-இல் நடைமுறைக்கு வரும். அந்த வாரத்தில் மீட்டரை மறுபடியும் செருகி அளந்து, 94 வாட் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு, சந்தாவையும் மினி கணினியையும் ஒன்றாக எடுத்துப் பேசலாம் என்று பேரனும் நானும் வைத்திருக்கிறோம்.